மாத்திரையைக் கொடுப்பதோடு முடியாத வேலை: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளரின் பதில்கள்

‘மருந்தாளர்கள் இப்போதெல்லாம் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்?’ என்பதே இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் சாரம். முன்பு அரசாங்க மருத்துவமனையில் இருந்து, இப்போது பினாங்கில் மருந்துக் கடை நடத்துபவன் என்ற முறையில் அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: 74 வயதான என் மாமனார் மூச்சுத் திணறலுக்காக அரசாங்க மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். இரண்டாம் நாள் ஓர் இளம் மருந்தாளர் கட்டிலருகே வந்து, நாட்டு மருந்து உட்பட வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். கொண்டு போய்க் காட்டியதும் மூன்று மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மருந்தாளர் மாற்றலாமா? மாமனார் இன்னும் கோபமாக இருக்கிறார். மருந்துப் பட்டியலை இத்துடன் அனுப்பியுள்ளேன்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் மாமனாரின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் தலைமுறையினர் பலருக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசரைத் தெரியும். நோயைப் பார்ப்பதும் மருந்தைக் கலப்பதும் கையில் கொடுப்பதும் அந்த ஒருவரே. பிறகு பட்டணத்துக் கிளினிக்கில் டாக்டர் பார்த்தார். சன்னலுக்கு அப்பாலிருந்து யாரோ ஒருவர் பொட்டலத்தை நீட்டினார். அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இன்று கட்டிலருகே வந்து நின்று விசாரித்தால், ‘இவருக்கு இங்கே என்ன வேலை?’ என்று தோன்றத்தான் செய்யும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: மருத்துவர் எழுதியதை மருந்தாளர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. தாம் கண்டதை அவர் வார்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்லியிருப்பார்; மருத்துவர் அதை ஏற்று மருந்தட்டையைத் திருத்திக் கையொப்பமிட்டிருப்பார். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மருத்துவருடையது. நோயாளி உண்மையில் எதையெல்லாம் விழுங்குகிறார், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அவருடைய சிறுநீரகம் அவற்றைத் தாங்குமா என்று பார்ப்பது மருந்தாளருடைய பொறுப்பு. இந்த எண்ணத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர்கள் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்னும் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். மருந்தைச் சரியாக எண்ணிக் கொடுத்ததோடு மருந்தாளரின் கடமை முடிந்துவிடாது, அந்த மருந்தால் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதற்கும் அவர் பொறுப்பாளி என்று 1990இல் அவர்கள் எழுதிய கட்டுரை, உலகெங்கும் மருந்தியல் கல்வியின் போக்கையே மாற்றியது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த அம்லோடிபினும், தனியார் கிளினிக்கில் வாங்கிய நோர்வாஸ்க்கும் அதில் இருக்கின்றன. இரண்டும் ஒரே மருந்து. ஒன்று மருந்தின் பெயர், மற்றொன்று ஒரு நிறுவனம் அதற்கு வைத்த விற்பனைப் பெயர். பெட்டியின் நிறமும் மாத்திரையின் வடிவமும் வேறாக இருந்ததால், ரத்தக் கொதிப்புக்கு இரண்டு மருந்துகள் சாப்பிடுகிறோம் என்று நினைத்து, ஒரே மருந்தை அவர் இரட்டிப்பாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். கடிதத்தில் கால் வீக்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இதயக் கோளாறு ஒரு காரணமாக இருக்கலாம். அம்லோடிபின் அளவு கூடினாலும் கணுக்கால் வீங்கும்.

இரண்டாவது, முழங்கால் வலிக்காக அவ்வப்போது வாங்கிய டைக்ளோஃபெனாக். இந்த வகை வலி நிவாரணிகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைப்பவை. இதயம் பலவீனமானவருக்கு மூச்சுத் திணறலையே கொண்டு வந்துவிடக் கூடியவை. இவரோ ரத்தக் கொதிப்புக்கான பெரிண்டோப்ரிலும், சிறுநீர் பிரிய ஃப்ருசமைடும் சேர்த்துச் சாப்பிடுகிறார். இம்மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகத்துக்கு ஏற்படும் ஆபத்து, மருந்தியல் மாணவர்கள் முதலிலேயே கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மூன்றாவதாக உள்ள, இணையத்தில் வாங்கிய ‘மூட்டுவலி கேப்சூல்’. நம் நாட்டில் முறையாகப் பதிவு செய்யப்பட்ட மருந்தின் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அந்த இறுதி எழுத்து ‘டி’ (T). பெட்டலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை. ‘மூன்றே நாளில் வலி பறந்தது’ என்று புகழப்படும் இத்தகைய கேப்சூல்களிலும் ஜாமு என்னும் நாட்டு மூலிகை மருந்துகளிலும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி குறைவதும் உண்மை, பசி எடுப்பதும் உண்மை. அதோடு சர்க்கரை ஏறுவதும், முகம் உப்புவதும், எலும்பு தேய்வதும் உண்மை. பல மாதங்கள் ஸ்டீராய்டு உட்கொண்டவருக்கு அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்து போயிருக்கும். ‘எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள்?’ என்று அந்த இளம் மருந்தாளர் மூன்று முறை கேட்டதாகச் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில், அன்று கேட்கப்பட்டவற்றுள் மிக அவசியமான கேள்வி அதுவே.

மருத்துவமனையில் கொடுத்த புதிய மருந்துப் பட்டியலின் ஒரு நகலை அந்தத் தனியார் கிளினிக்கிலும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் நோர்வாஸ்க் மறுபடியும் வீட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: எனக்குப் பத்தாண்டுகளாக இனிப்பு நீர். மெட்ஃபார்மின், கிளிக்லசைட், இரவில் இன்சுலின் என்று ஓடுகிறது. டாக்டரைப் பார்ப்பது போதாதென்று, மருந்தாளரையும் தனியாக வந்து பார்க்க வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் லாரி ஓட்டுபவன். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம். இதற்குப் போகத்தான் வேண்டுமா? மேலும், வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டுதல். 48 நாள் விரதம், ஒரு வேளை உணவு. மாத்திரையை நானே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் அல்லவா?
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியே முதல் கேள்விக்குப் பதில். நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தேதியில் போய் இதைத்தான் கேளுங்கள்.

உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது, மருந்தைத் தவறாமலும் சரியாகவும் எடுக்க உதவுவதற்காக மருந்தாளர்கள் நடத்தும் சிகிச்சைக் கடைப்பிடிப்பு கிளினிக். சுருக்கமாக எம்டாக் (MTAC) என்பார்கள். சுகாதார அமைச்சு 2004இல் தொடங்கிய இச்சேவை, இன்று நீரிழிவு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், எச்ஐவி என்று பல நோய்களுக்கும் மருந்துகளுக்கும் விரிந்திருக்கிறது. மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கும் சில நிமிடங்களில் ரத்தப் பரிசோதனை முடிவைத்தான் பார்க்க முடியும். அந்த முடிவு ஏன் இறங்கவில்லை என்று தேடுவதற்கு நேரம் வேண்டும். ஊசியை எங்கே போடுகிறீர்கள்? வயிற்றில் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் போட்டால் அங்கே கட்டி போலத் தடித்துவிடும். வலி இல்லாததால் பலர் அங்கேயே தொடர்ந்து போடுவார்கள். தடித்த இடத்தில் போடும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. சர்க்கரை இறங்காததால் மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். ஒரு நாள் யாரோ சொல்லி நல்ல இடத்தில் அதே அளவைப் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். சட்டையைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. லாரி ஓட்டுபவர் இன்சுலின் பேனாவை வண்டியின் முன்பக்கத்திலேயே வெயிலில் விட்டுவிடுவதும் உண்டு; சூடான இன்சுலின் வீரியம் இழந்துவிடும். இதையெல்லாம் அங்கேதான் கேட்பார்கள்.

விரதத்தைப் பற்றி: உங்கள் மூன்று மருந்துகளும் ஒரே மாதிரியானவை அல்ல. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரவு இன்சுலினும் பட்டினியை அறியாது. எனவே எல்லாவற்றையும் பாதியாக்குவது ஒரு கணக்கே இல்லை. எதை எந்த வேளைக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பது நீங்கள் உண்ணும் அந்த ஒரு வேளை பகலா இரவா என்பதைப் பொறுத்தது. சிலருக்கு எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் என்ற மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருக்கும். நீண்ட பட்டினியோடும் நீர்ச்சத்துக் குறைவோடும் அவை சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. அவற்றைச் சாப்பிடுபவர்கள் விரதம் தொடங்கும் முன்பே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

நோன்பு மாதத்துக்கு முன் முஸ்லிம் நோயாளிகளின் மருந்து வேளைகளை மாற்றிக் கொடுப்பது நம் அரசாங்க மருத்துவமனைகளில் வழக்கமாக நடக்கும் வேலை. அதற்கான பயிற்சி மருந்தாளர்களுக்கு உண்டு. அதே உதவி தைப்பூச விரதத்துக்கும் கிடைக்கும். நம்மவர்கள் கேட்பதில்லை, ‘விரதம் இருக்காதே’ என்று திட்டுவார்கள் என்ற பயம். இங்கே தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கும் என் வாடிக்கையாளர்களிடமும் இதே தயக்கத்தைப் பார்க்கிறேன். ஒளித்து வைத்து விரதம் இருப்பதைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ, கை நடுங்கி வியர்த்துக் கொட்டினாலோ, விரதத்தை அங்கேயே முடித்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வண்டி ஓட்டும்போது என்றால், முதலில் ஓரமாக நிறுத்துங்கள். விடுப்பைப் பொறுத்தவரை, மருத்துவரைப் பார்க்கும் நாளிலேயே மருந்தாளர் சந்திப்பையும் வைக்கும்படி கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள்.

கேள்வி: தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தும் கொடுத்து ஒரே தொகையாக வாங்கிக்கொள்கிறார். மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே மருந்து வாங்க முடியுமா? டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மருந்துக் கடை நடத்துபவனிடம் இதைக் கேட்கிறீர்கள், எனக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே என் பதிலைப் படியுங்கள்.

சீட்டைக் கேட்பது உங்கள் உரிமை. மருத்துவர் தம்மிடம் சிகிச்சை பெறுபவருக்குத் தாமே மருந்து வழங்க 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் இடமளிக்கிறது. அங்கேதான் வாங்க வேண்டும் என்று அது உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணையும் நடைமுறையில் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாக்டர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 2006ஆம் ஆண்டு விதிமுறைகளில் 10 முதல் 35 ரிங்கிட் வரை என்று வரையறுக்கப்பட்டது. வாடகையும் தாதியர் சம்பளமும் ஏறிய காலத்தில், கிளினிக்குகள் மருந்து விற்பனையில் சாய்ந்து நின்றதில் வியப்பில்லை. ஆலோசனைக்கு நியாயமான கட்டணம் இல்லாமல், மருந்து வழங்கும் வேலையை மட்டும் கிளினிக்கிலிருந்து பிரித்தெடுத்தால் அது நிற்காது. தென்கொரியா 2000ஆம் ஆண்டில் ஒரே வீச்சில் பிரித்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1997 முதல் படிப்படியாகப் பிரித்த தைவானில், பல கிளினிக்குகள் தாங்களே ஒரு மருந்தாளரை நியமித்துக்கொண்டு பழையபடி நடத்தின.

என் கருத்து: இரவில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு அங்கேயே மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் நல்லது. ஆண்டுக் கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்துகளுக்குச் சீட்டு வாங்கி, ஒரே மருந்துக் கடையில், ஒரே மருந்தாளரிடம் தொடர்ந்து வாங்குங்கள். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று இருப்பதில்தான் இதன் பயன். அந்தச் சரிபார்ப்பு நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். எங்கள் தொழிலில் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சீட்டை வாங்கிப் பார்க்காமல் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே நூறு ரிங்கிட் சத்து மாத்திரையைத் தள்ளிவிடப் பார்க்கும் கடைகளும் உண்டு. வெள்ளை அங்கி அணிந்தவர் எல்லாரும் மருந்தாளர் அல்லர். சுவரில் மாட்டியிருக்கும் ஆண்டுச் சான்றிதழில் உள்ள பெயர் யாருடையது, அவர் கடையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். சட்டப்படி, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்குத் தொண்டை வலி வந்தால் அமோக்சிசிலின் சாப்பிட்டால்தான் சரியாகும். இப்போது கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுக்க மறுக்கிறார்.
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அவர் செய்தது சரி. அது ‘பி’ பிரிவைச் சேர்ந்த மருந்து. மருத்துவரின் சீட்டு இன்றி விற்பது குற்றம். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது; அமோக்சிசிலின் அதைத் தொடவே தொடாது, ஒரு வாரத்தில் தானாகவே ஆறியிருக்கும். வலிக்குப் பனடோல் போதும், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் வேண்டாம். விழுங்கவே முடியாமல் போனாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: யுஎஸ்எம் என்னும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறேன். இங்கிலாந்தில் மருந்தாளர்களே மருந்து எழுதிக் கொடுக்கிறார்களாம். இங்கும் அப்படி வருமா? மாத்திரை எண்ணும் இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகு எங்களுக்கு வேலை இருக்குமா என்று அப்பா கேட்கிறார்.
– வாசகி, கெலுகோர்

பதில்: மகளே, நீங்கள் படிப்பது 1972இல் தொடங்கிய, நாட்டின் முதல் மருந்தியல் கல்வி நிலையத்தில். அங்கே தொடக்க காலத்தில் படித்தவர்களுக்குக் களிம்பு கலப்பதே முக்கியத் திறமை. அந்த வேலையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. எண்ணும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. போகட்டும் என்றே சொல்வேன். எண்ணிக்கொண்டிருந்த நேரம் நோயாளியோடு பேசக் கிடைக்கும்.

இங்கிலாந்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அங்கே கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளர்கள் 2006 முதல் சுயமாக மருந்து எழுதுகிறார்கள். 2024 ஜனவரி 31 முதல், தொண்டை வலி, காது வலி, அக்கி, பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்த் தொற்று முதலிய ஏழு நோய்களுக்கு மக்கள் நேராக மருந்துக் கடைக்கே போகலாம். 2026 முதல் அங்கே புதிதாகப் பதிவு பெறும் மருந்தாளர் ஒவ்வொருவரும் மருந்து எழுதும் தகுதியோடுதான் வெளிவருவார். நம் சட்டம் அந்த இடத்தில் இல்லை. ஆனாலும் ‘சி’ பிரிவு மருந்துகளை, நோயாளியை விசாரித்து, சொந்தப் பொறுப்பில் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் நமக்கு இப்போதே உண்டு. இருக்கும் அந்த அதிகாரத்தை நாம் எவ்வளவு கவனமாகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுப்பார்கள்.

அப்பாவிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவுடன் அரசாங்கத்தில் நிரந்தர வேலை என்ற காலம் போய்விட்டது, ஒப்பந்த நியமனமே பலருக்கும் கிடைக்கிறது. வேலை இருக்கும், வேலைப் பாதுகாப்பு முன்போல் இராது.

கேள்வி: என் தாயாருக்குத் தமிழ் மட்டுமே நன்றாகத் தெரியும். மருத்துவமனைக் கவுண்டரில் மலாயில் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்து உறைகள். நான் வேலைக்குப் போவதால் கூடப் போக முடிவதில்லை.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கவுண்டரில் கூட்டம் இருப்பது உண்மை, அதற்காகப் புரியாமல் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. ‘தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?’ என்று உங்கள் தாயார் கேட்கட்டும். பினாங்கு மருத்துவமனைகளில் தமிழ் பேசும் மருந்தாளரோ உதவியாளரோ தாதியரோ பெரும்பாலும் எங்காவது இருப்பார்கள். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால், உங்களுக்குக் கைப்பேசியில் அழைத்து மருந்தாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பேசினால் போதும். கேட்க வேண்டியவை: எது புதிது, எது நிறுத்தப்பட்டது, எதன் அளவு மாறியது. மற்றவை பழையபடிதான்.

விளக்கம் கேட்டு முடித்ததும், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று உங்கள் தாயாரே திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் நம் தாய்மார்கள் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். திரும்பச் சொல்லும்போதுதான் விடுபட்டது தெரியும். இன்ஹேலரோ இன்சுலின் பேனாவோ இருந்தால், வாயால் சொல்வதும் போதாது, செய்து காட்ட வேண்டும். வீட்டில் ஒவ்வோர் உறையின் மேலும் ‘காலை’, ‘இரவு’, ‘சாப்பிட்ட பின்’ என்று தடித்த பேனாவால் தமிழில் எழுதி வையுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் அதைத் தனியே பிரித்து, காலையில் வெறும் வயிற்றில் என்று எழுதுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, வீட்டில் மீந்திருக்கும் மாத்திரைகளையும் கொண்டு போகச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து பலர் அவற்றை அலமாரியில் ஒளித்துவிடுகிறார்கள். மீதியை எண்ணிப் பார்த்து, அந்த அளவைக் கழித்துக்கொண்டு புதியதைக் கொடுப்பார்கள். ஒரே ஒரு மருந்து மட்டும் இருபது நாளுக்கு மீந்திருந்தால், அவர் அதை ஏன் தவிர்க்கிறார் என்று மருந்தாளர் விசாரிப்பார்: தலைசுற்றலா, இருமலா, பேருந்தில் போகும் நாளில் அடிக்கடி சிறுநீர் வருமே என்ற பயமா என்று. அதற்கேற்ற மாற்றத்தை மருத்துவரிடம் அவரே எடுத்துச் சொல்வார்.